ஐந்து மேப்புக்கு 1,500 ரூபாயா?

தம்பி, ஐந்தே மேப் (சண்டை நடக்கும் களம்) உள்ள, கலவையான விமர்சனம் பெற்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குச் சேர்த்து வைத்த 1,500 ரூபாயைக் கொடுக்கலாமா என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் 'கலவை' என்றால் பாராட்டியவர்கள் 40 முதல் 69 சதவீதம். 41-க்கும் 68-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விமர்சனம் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பதும் அங்கேயே இருக்கும், அதைப் பாருங்கள். 200 மணி நேரம் ஆடிவிட்டு 'சரக்கு இல்லை' என்பவரின் கோபம் வேறு, ஒரு மணி நேரத்தில் எழுந்துபோனவரின் கோபம் வேறு.

மேப் குறைவு என்பது எனக்குப் பெரிய குறையே அல்ல. ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு 2015 டிசம்பரில் 20 ஆபரேட்டர்களோடு (நாம் தேர்ந்தெடுத்து ஆடும் வீரர்கள்) வந்தபோதும் 'சரக்கு குறைவு' என்று இதே புலம்பல்தான். பிறகு ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. ஆள் வராமல் போவதுதான் ஆபத்து. லாபிரேக்கர்ஸ் என்ற இன்னொரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு 2017 ஆகஸ்டில் வந்தது, 2018 செப்டம்பரில் சர்வரையே மூடிவிட்டார்கள். கும்பகோணத்தில் நாங்கள் மூவர் இரவு பதினொரு மணிக்கு ஒரு விளையாட்டைத் திறந்து, ஆட்டம் தொடங்கத் தேவையான பத்துப் பேரில் ஆறு பேர்தான் சேர்ந்தார்கள் என்று காட்டி, 'பத்தில் ஆறு' என்று நின்றுவிட்ட எண்ணையே இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். வயிறு எரிந்தது.

ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடியது 2 மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் நண்பர்களோடு நீங்கள் வழக்கமாக ஆடும் இரவு நேரத்திலேயே திறந்து, எவ்வளவு விரைவில் ஆள் சேர்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.