தேள்கொடுக்கு குடும்பத்து ஹெர்பேரியம் ஷீட் (காஞ்ச செடிய ஒட்டி வைக்கிற தாள்): கேட்டதும் சொன்னதும்

கிள்ளான் தம்பி: அக்கா, ராம்நாட் மணல்ல மாமா பையன் ஒரு தேள்கொடுக்கு எடுத்து பிரஸ் பண்ணி போட்டோ அனுப்பிருக்கான். பூ அழகா இருக்கு, ஆனா என்ன இனம்னு யாரும் சொல்ல மாட்றாங்களே?

பதில்: பூவ வச்சி ஒன்னும் பண்ண முடியாது தம்பி, இந்தக் கூட்டத்துல நெறய செடிக்கு அதே குட்டி வெள்ளப் பூதான், காய் வேணும். சுருண்ட கொத்துல நுனியில மொட்டு, கீழ பூ, அடியில காய்னு எல்லாம் ஒரே நேரத்துல இருக்கும், அவன் நுனிய மட்டும் கிள்ளிட்டான் போல. நம்ம ரோட்டோரத்து தேள்கொடுக்கு இருக்கே, இண்டிகம்ங்கிற இனம், அதோட காய் ரெண்டா பிளந்து விரியும், சில இனத்துல உருண்டையா இருந்து நாலா உடையும். உதிர்ற காய பேப்பர் கவர்ல போட்டு ஷீட்லயே ஒட்டிடணும். வேரோட எடுக்கச் சொல்லுங்க, ஒரு வருஷச் செடியா பல வருஷம் நிக்கிறதான்னு வேர்லதான் தெரியும். பூ கலர், மண்ணு செம்மணலா உப்பு மணலா, கடல் எவ்ளோ தூரம், இதெல்லாம் அங்கயே எழுதிக்கணும், காஞ்ச செடி சொல்லாது.

செந்தூல் அக்கா: மணல் ஒட்டிருக்கு, கழுவலாமா?

பதில்: ஐயோ வேணாம். காய்ஞ்சதும் மெல்லிசு பிரஷ்ல தட்டுங்க. இலை முடி படுத்திருக்கா நிமிந்திருக்கான்னு லென்ஸ்ல பாப்பாங்க, அதுதான் அடையாளமே. உப்பு மண்ணுல வர்ற குராசாவிகம்ங்கிற இனத்துல மட்டும் முடியே கிடையாது, இலை சதைப்பத்து, பேப்பர தினம் மாத்தலன்னா அழுகிடும்.

பினாங்கு ஐயா: நம்ம ஈரத்துக்கு வண்டு வந்துருதும்மா.

பதில்: சிகரெட் வண்டா இருக்கும் ஐயா. பிளாஸ்டிக்ல இறுக்கிக் கட்டி மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க, எடுத்த உடனே பிரிச்சிடாதீங்க, தண்ணி கோத்துக்கும்.

கிள்ளான் தம்பி: டிசம்பர்ல ஊருக்குப் போறேன், நானே எடுத்துட்டு வரட்டா?

பதில்: மலேசிய பாஸ்போர்ட்டா? அப்ப அங்க செடி சேகரிச்சு கொண்டு வர்றதுக்கு 2002 பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்துகிட்ட அனுமதி வாங்கணும், காஞ்சதுதானேன்னு பையில போட்டுடாதீங்க. கோயம்புத்தூர் மெட்ராஸ் ஹெர்பேரியத்துலயும் திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்துலயும் நெறய ஷீட் இருக்கு, முன்கூட்டியே எழுதிக் கேட்டுட்டுப் போங்க. இங்க இருக்கிற செடிக்கு கெப்போங்ல இருக்கிற ஃப்ரிம்ல (மலேசிய வன ஆராய்ச்சி நிலையம்) கேட்டுப் பாருங்க.

ரவாங் அக்கா: பாட்டி இதுல கஷாயம் வைப்பாங்க, குடிக்கலாமா?

பதில்: குடிக்காதீங்க. இதுல இருக்கிற பைரோலிசிடின் ஆல்கலாய்டுங்கிற விஷம் ஈரல கெடுக்கும். 1970கள்ல ஆப்கானிஸ்தான் வறண்ட பக்கம் கோதுமையோட இந்தக் கூட்டத்துச் செடி ஒன்னோட விதை கலந்து, ரொட்டி சாப்பிட்ட ஜனங்களுக்கு ஈரல் போச்சு, வயிறு தண்ணி கட்டி வீங்கி நெறய பேர் செத்தாங்க.

பினாங்கு ஐயா: அவ்ளோ விஷம்னா, காயவச்ச செடிய தேடி ஏன் வண்ணத்துப்பூச்சி வருது?

பதில்: அந்த விஷத்துக்குத்தான் வருது! டைகர், குரோ ரகத்து ஆம்பளப் பூச்சிங்க வாடின செடிய உறிஞ்சி, அத வச்சித்தான் ஜோடி சேர்ற வாசனைய தயார் பண்ணுது, பறவைக்கும் அதுங்க கசக்கும். நீங்க பிரஸ் பண்ற நேரம் ஜன்னல சாத்திக்குங்க ஐயா.