தண்டல் எடுத்து ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வேண்டாம்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் சாயங்காலம் மீன் வறுவல் கடை போடுகிறேன். மூத்தவன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறான். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் 600க்கு 487 வாங்கியிருக்கிறாள். இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருக்கிறோம். இதற்குள் ஒரு ஏஜென்ட் வந்து, 25,000 முன்பணம் கொடுத்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதி, வருடம் 1,40,000 ரூபாய், பேங்க் லோனும் நானே வாங்கித் தருகிறேன் என்கிறார். முன்பணத்துக்குத் தண்டல் எடுக்கலாமா என்று பார்க்கிறோம். பக்கத்து பேங்கில் கேட்டால், "உங்க தெரு எங்க ஏரியா இல்லை, சொந்த வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தண்டல் யோசனையை விடுங்கள். பத்தாயிரம் என்று பேசி, ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ முன்னாடியே பிடித்துக்கொண்டு, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். மழை வந்து கடை போடாத நாளிலும் ஆள் வந்து நிற்பார். உங்களுக்குத் தெரியாததா!

ஏஜென்ட் தருவதாகச் சொல்வது மேனேஜ்மென்ட் சீட், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடம். அதைக் கையில் வாங்கிய நிமிடத்தில் உங்கள் மகளுக்கு வர வேண்டிய முதல் பட்டதாரி கட்டணச் சலுகை போய்விடும். அது கலந்தாய்வு மூலம் சேருகிறவர்களுக்குத்தான். அவள் அண்ணன் படித்திருக்கிறானே என்று பயப்பட வேண்டாம், ஐ.டி.ஐ. பட்டப்படிப்பு அல்ல. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று யாரும் பட்டதாரி இல்லையென்றால் சான்றிதழ் கிடைக்கும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, கலந்தாய்வுக்கான பதிவேற்றத் தேதி முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். கூடவே வருமானச் சான்றிதழும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், உங்கள் சமூகப் பிரிவைப் பொறுத்து ஆதிதிராவிடர் நலத்துறை அல்லது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்குக் கல்லூரி மூலமாக விண்ணப்பிக்கலாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்றிருக்கும். உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. ஆனால் ஆறிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. கல்லூரி பஸ்ஸுக்குத் தண்டமாகக் கட்டாமல் ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துப் போனால், அந்த ஆயிரத்தில் புத்தகச் செலவும் முடியும்.

இனி கணக்குக்கு வருவோம். சலுகை போக வருடத்துக்கு 80,000 கட்ட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்துக்கு 3,20,000. கல்விக் கடனில் நாலு லட்சம் வரை உங்கள் கைப்பணம் எதுவும் போட வேண்டாம், சொத்து ஜாமீனும் வேண்டாம், பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏஜென்ட் சொல்லும் சீட்டுக்கு மொத்தம் 5,60,000. நாலு லட்சத்தைத் தாண்டுவதால் 5 சதவீதம், அதாவது 28,000 ரூபாய், நீங்கள் போட வேண்டிவரும். மேனேஜ்மென்ட் சீட் என்றால் வங்கியில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிஎம்-வித்யாலட்சுமியில் அந்த சீட்டுக்கு இடமே இல்லை.

வட்டியைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்வதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை, சரி. ஆனால் முதல் செக் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து வட்டி ஓடும். வருடம் 80,000 வீதம் வாங்கி, தனிவட்டி 10 சதவீதம் என்று பிடித்தாலும், அந்த ஐந்து வருடத்தில் 1,12,000 ரூபாய் சேர்ந்துவிடும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் இந்த வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கிறது. ஆனால் கல்லூரிக்கு நாக் (NAAC) என்ற தர அங்கீகாரமோ, அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (NBA) என்ற தர அங்கீகாரமோ இருக்க வேண்டும். அதனால் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போதே, ஒவ்வொன்றாக இதைப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள் மகளை. சேர்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

அப்புறம் பேங்க். நான் முப்பது வருடம் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்தவள். வாய்ப்பேச்சில் திருப்பி அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு கிளையில், மஞ்சப்பையில் மார்க் ஷீட்டோடு வந்த ஒரு அம்மாவை இரண்டு முறை "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினோம். மூன்றாம் முறை அவர் விண்ணப்பத்தையே நீட்டி, "இதை வாங்கிக்கிட்டேன்னு ஒரு சீல் போட்டுக் குடுங்க" என்றார். மேனேஜர் அறையில் சத்தம் அடங்கிவிட்டது. அன்றைக்கே ஃபைல் திறந்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஆனால் இப்போது போக வேண்டாம், நீங்கள் முதலில் போனதே கொஞ்சம் சீக்கிரம். கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையும் கல்லூரி தரும் நான்கு வருடக் கட்டண விவரமும் கைக்கு வந்த பிறகு போங்கள். வீடு எங்கள் எல்லையில் இல்லை என்று காரணம் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. மறுப்பதாக இருந்தால் மேலதிகாரி ஒப்புதலோடு, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் எண்ணும் தேதியும் பதிவாகும், அதையும் செய்துவிடுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். உள்நாட்டுப் படிப்புக் கடனுக்கு அரசு வங்கிகளில் பெரும்பாலும் பிராசசிங் கட்டணம் கிடையாது. அப்புறம் ஏஜென்ட்டுக்கு எதற்குக் கமிஷன்?

கணவரின் ஆட்டோவுக்கு லோன் இருந்து, தவணை ஏதும் விட்டுப்போயிருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள். இணைக் கடன்தாரர் பழைய கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று வங்கி பார்க்கும் கடன் அறிக்கையை (சிபில் போன்றவை) நீங்களும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். பேசி முடித்து "செட்டில்மென்ட்" என்று மூடினால் அது அறிக்கையில் கறையாக நிற்கும். முழுசாகக் கட்டி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். மகளின் ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வைத்து, பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் ஒரு "எச்" கூடுதல் என்று இருந்து, கல்லூரி திறந்த பிறகும் பணம் வராமல் அலைந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.