திடீர்ப் போர் எங்கே விற்கிறது?

கேள்வி: 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதால்தானே ஜப்பான் திடீரென்று போரில் குதித்தது? பழி முழுவதையும் ஜப்பானின் தலையில் கட்டுவது நியாயமா? (தேனி வாசகர் ஒருவர்)

பதில்: திடீர் ரசப்பொடி உண்டு. திடீர்ப் பிள்ளையார் உண்டு. திடீர்ப் போர் மட்டும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை, ஐயா.

நீங்கள் சொல்லும் போர் ஆரம்பித்தது 1931 செப்டம்பர் 18 இரவு, சீனாவின் வடகிழக்கு மூலையான மஞ்சூரியாவில், முக்டென் நகருக்குப் பக்கத்தில். ஜப்பானுக்குச் சொந்தமான ரயில் பாதையில் ஜப்பானிய ராணுவ அதிகாரிகளே வெடி வைத்துவிட்டு, சீனர்கள் வைத்ததாகச் சொல்லி ஊரைப் பிடித்தார்கள். வெடித்த சற்று நேரத்தில் சாங்சுன்னிலிருந்து வந்த ரயில் அதே இடத்தைக் கடந்து, குறித்த நேரத்தில் முக்டென் போய்ச் சேர்ந்தது. ஐ.நா.வுக்கு முன்னோடியான ஜெனீவாவின் சர்வதேச சங்கம் விசாரிக்க அனுப்பிய லிட்டன் குழுவின் அறிக்கையிலேயே இது இருக்கிறது. வெடி வைத்த தண்டவாளத்தில் ரயில் நேரத்துக்கு வருகிறது! எங்கள் ஊர் பாசஞ்சருக்கு யாரும் வெடி வைப்பதில்லை. ஆனாலும் அது நேரத்துக்கு வந்து பார்த்தவர் எங்கள் தெருவில் இல்லை. ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று ஒலிபெருக்கி சொல்லும். தண்டவாளமே பெயர்வதைவிட உயர்ந்த தொழில்நுட்பக் காரணம் எது என்று நிலைய அதிகாரியிடம் கேட்கலாமென்றால், அவரும் அந்த ரயிலில்தான் வர வேண்டும்.

போகட்டும். இளம் அதிகாரிகளை அடக்கி வைக்க டோக்கியோ அனுப்பிய தளபதி ததேகாவா அன்று மாலைதான் முக்டெனில் இறங்கினார். சதிகாரர்களில் ஒருவரான இதாகாக்கி அவரை நேரே விருந்து விடுதிக்கு அழைத்துப் போனார். சாக்கே என்ற அரிசி மது பரிமாறப்பட்டது. கொண்டுவந்த செய்தி வெளியே வருவதற்குள் வெடி வெடித்துவிட்டது. அவருக்கும் உள்ளூர அதே ஆசைதான் என்று சொல்பவர்கள் உண்டு.

மூன்று நாள் கழித்து, ஜப்பான் வசமிருந்த கொரியாவின் தளபதி ஹயாஷி, பேரரசரின் அனுமதி வராமலேயே படையை எல்லை தாண்டி மஞ்சூரியாவுக்கு அனுப்பினார். ராணுவத்தில் தலை போகிற குற்றம் இது. மந்திரிசபை கூடி, அந்தப் படைக்கான செலவுக்கு ஒப்புதல் கொடுத்தது! 1937இல் ஹயாஷி பிரதமர். 1938இல் இதாகாக்கி போர் மந்திரி. என் கட்சி இதுதான்: ஜப்பானைப் போருக்கு இழுத்துப் போனது பெட்ரோல் பஞ்சம் அல்ல, கீழ்ப்படியாதவர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்த ஆட்சி. முக்டென் சதியின் மூளையான இஷிவாராவே 1936இல் மஞ்சூரியாவுக்குப் போய், பக்கத்துச் சீனப் பகுதியான உள்மங்கோலியாவில் கை வைக்காதீர்கள் என்று அங்கிருந்த அதிகாரிகளைக் கெஞ்ச வேண்டி வந்தது. நீங்கள் அன்று செய்ததைத்தானே செய்கிறோம் என்றார் மூத்தோ என்ற அதிகாரி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

எண்ணெய்க்கு வருகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரமும் எழுதுவீர்கள். ஜப்பான் எரித்த எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1937 முதல் சீனாவில் மாட்டிக்கொண்டு விழித்த ராணுவம் 1941 ஜூலையில் பிரெஞ்சு வசமிருந்த தெற்கு இந்தோசீனாவிலும் (இன்றைய வியட்நாம் பக்கம்) நுழைந்தது. எண்ணெய் நின்றது அதற்குப் பிறகு. அமெரிக்காவுக்குத் தன் வியாபாரம் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படையைத் திருப்பிக்கொள்ளும் வழி ஒன்று இருந்தது. அதை ராணுவத்திடம் எந்த மந்திரி போய்ச் சொல்வது? ராணுவச் செலவைக் குறைக்கப் பார்த்த நிதி மந்திரி தகாஹாஷியை 1936 பிப்ரவரியில் கலகக்கார ராணுவ அதிகாரிகள் படுக்கையிலேயே கொன்றுவிட்டார்களே.

‘ஆசியா ஆசியருக்கே’ என்ற ஜப்பானின் அன்றைய கோஷத்தை வைத்து ஆண்டுதோறும் எனக்கு நீண்ட கடிதம் எழுதும் மதுரைப் பெரியவர் இதைப் படித்துப் பேனாவைத் திறப்பார். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களும் அதே கோஷக்காரர்கள்தான். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களில் பலருக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப் பட்டியலும் கிடையாது. இதற்குப் பதில் இல்லாமல் வெறும் நேதாஜி படத்தை மட்டும் ஒட்டி அனுப்பினால், படத்தை வைத்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.