மென்பொருள் உருவாக்குநர் எந்தப் புத்தகங்களிலிருந்து தொடங்கலாம்?

வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது, நிரல்மொழிப் பாடங்களைத் தாண்டி என்ன படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முதலில் சொல்வது மார்ட்டின் ஃபவுலரின் 'ரீஃபேக்டரிங்'. 1999-இல் வந்த முதல் பதிப்பில் எடுத்துக்காட்டுகள் ஜாவாவில் இருந்தன. 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்ட். நிரல் செய்யும் வேலை மாறாமல் அதன் உள்ளமைப்பை மட்டும் சீர்செய்வதுதான் ரீஃபேக்டரிங். நீண்ட ஃபங்ஷனிலிருந்து நான்கு வரியைப் பிரித்தெடுத்து, நல்ல பெயர் வைத்து, உடனே டெஸ்ட்டை ஓட்டிப் பார்ப்பது. அவ்வளவு சின்னச் சின்ன அடிகள். வெறுமனே வாசித்தால் மனதில் நிற்காது. உங்கள் நிரலையே பக்கத்தில் திறந்துவைத்து, படித்ததை அன்றே செய்து பாருங்கள். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

அப்புறம் ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய 'தி மித்திக்கல் மேன்-மந்த்'. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தை நடத்திய அனுபவம் அது. தாமதமாகிவிட்ட திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்கிறார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பழையவர்களின் நேரம் போகிறது; கலந்து பேச வேண்டிய ஜோடிகளும் பெருகுகின்றன. 5 பேரில் 10 ஜோடிகள், 10 பேரில் 45! அந்தக் கால இயந்திரங்களைப் பற்றிய பக்கங்களைத் தாண்டிவிடலாம்.

டேட்டாபேஸ், பல சர்வர்கள் என்று வேலை போனால் மார்ட்டின் கிளெப்மேனின் 'டிசைனிங் டேட்டா-இன்டென்சிவ் அப்ளிகேஷன்ஸ்'. கனமான நூல். டிரான்சாக்‌ஷன் (பல மாற்றங்கள் சேர்ந்து முழுதாக நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது என்ற ஏற்பாடு) பற்றிய அத்தியாயத்தை மட்டும் முதலில் படித்தாலும் சரி.