முகம் ஒன்று, ஆள் வேறு

கேள்வி: பழைய அமெரிக்க கௌபாய் தொடர்களை இப்போதுதான் பார்க்கிறேன். 'கன்ஸ்மோக்'கில் ஒரு வாரம் சுடப்பட்டுச் செத்தவன், இன்னொரு வாரம் பண்ணைக்காரனாக வந்து நிற்கிறான். வேறு தொடரைப் போட்டால் அங்கேயும் அவனே! நாலைந்து ஆட்களை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

பதில்: அந்த ஆளைத்தான் ரசிக்க வேண்டும். ஒப்பேற்றினார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

1958-59இல் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட பத்துத் தொடர்களில் ஏழு கௌபாய் கதைகள். 'கன்ஸ்மோக்' மட்டும் 1955 முதல் 1975 வரை 635 எபிசோடுகள். அதன் முதல் ஆறு சீசன்களும் அரை மணி நேரக் கதைகள்தான். விளம்பரம் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. அதற்குள் கதை நடக்கும் ஊரான டாட்ஜ் சிட்டிக்கு ஒரு அந்நியன் வர வேண்டும், அவன் யார், யாரோடு பகை என்று நமக்குப் புரிய வேண்டும், அந்த ஊரில் சட்டம் காக்கும் நாயகன் மார்ஷல் மேட் டில்லனோடு கணக்குத் தீர வேண்டும். உட்கார்ந்து அறிமுகம் பேச ஏது நேரம்? மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவனின் முகமும் நடையுமே பாதிக் கதையைச் சொல்லியாக வேண்டும். அது முடிந்தவர்களைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

ஜாக் ஈலமைப் பாருங்கள். சிறுவயதில் பென்சில் குத்தி இடது கண்ணில் பார்வை போனவர். சினிமாக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்துவிட்டு நடிக்க வந்தார். ஒரு கண் எதிராளி மேல், இன்னொன்று எங்கோ. அவர் சும்மா நின்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அதே முகத்தை வைத்துக்கொண்டு 1969இல் 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்' படத்தில் சிரிக்கவும் வைத்தார். ஸ்லிம் பிக்கன்ஸ், முரட்டுக் குதிரையையும் காளையையும் அடக்கிக் காட்டும் ரோடியோ போட்டிகளில் கோமாளியாக இருந்தவர். அவர் குதிரைப் பக்கத்தில் நிற்கும் விதத்திலேயே அது தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கென் கர்ட்டிஸ். 'சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்' குழுவில் பாடிய நல்ல பாடகர். 'கன்ஸ்மோக்'கில் முதலில் வேறு வேறு வேடங்களில் வந்து போனார். அப்புறம் ஃபெஸ்டஸ் என்ற மலைக்காட்டு ஆளாக வந்தார். 1964 முதல் தொடர் முடியும்வரை அங்கேயே இருந்தார். அந்தக் கரகரத்த இழுவைப் பேச்சுக்குள் ஒரு பாடகன் இருக்கிறான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். டாக்டர் ஆடம்ஸாக வரும் மில்பர்ன் ஸ்டோனும் அவரும் மல்லுக்கு நிற்கும் காட்சிகளுக்காகவே நான் பல எபிசோடுகளைத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நீங்கள் குறை சொல்லும் அந்த வழக்கம் இல்லாவிட்டால் ஃபெஸ்டஸே கிடைத்திருக்க மாட்டார்.

குறை சொல்ல வேறு இடம் இருக்கிறது. பூர்வகுடிப் பாத்திரங்களில் பெரும்பாலும் வெள்ளையர்களே சாயம் பூசி நடித்தார்கள். 'லோன் ரேஞ்சர்' தொடரில் நாயகனின் பூர்வகுடிக் கூட்டாளி டோண்டோவாக வந்த மொஹாக் இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸ் போன்றவர்கள் அபூர்வம். உண்மையான கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்தத் தொடர்களில் அவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

மார்கன் வுட்வர்ட் 'கன்ஸ்மோக்'கில் 19 முறை வந்திருக்கிறார். அதில் ஏதாவது இரண்டை அடுத்தடுத்துப் போட்டு, அவர் தோளையும் குரலையும் மட்டும் கவனியுங்கள். அப்புறம் எழுதுங்கள்.