செவலையின் பதினாறாம் நாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்களைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. இதற்கெல்லாம் ஒருவர் கடிதம் எழுதுவாரா என்று நீங்கள் நினைக்கலாம்.

எங்கள் வீட்டு நாய் செவலை போன வாரம் இறந்துவிட்டது. நாட்டு நாய்தான். பதின்மூன்று வயது. அப்பா பணி ஓய்வு பெற்ற சமயத்தில் ஒரு மழை நாளில் எங்கள் வாசலில் வந்து ஒதுங்கிய குட்டி. பாலைத் தொடமாட்டான், தயிர்சாதம் என்றால் தட்டையே நகர்த்திக்கொண்டு போவான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே அப்பாவின் கட்டிலுக்கு அடியில் குடியேறிவிடுவான்.

தை மாதத்திலிருந்தே நிறையத் தண்ணீர் குடித்தான். வெயில் தொடங்கிவிட்டது என்று விட்டுவிட்டோம். பிறகு சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். வாயில் மூத்திர வாடை அடித்தது. இரத்தம் சோதித்தபோது சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். தினமும் டிரிப்ஸ் ஏற்றினோம். கடைசியில் அவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. "தூங்க வைத்துவிடலாம்" என்றார் மருத்துவர். கையெழுத்துப் போட்டது நான். அவன் தலை என் மடியில் இருந்தது. ஊசி போட்ட பிறகும் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்தது என்று சொன்ன பிறகு இரண்டு முறை வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். அந்தக் கண்கள் என்னைத் தூங்க விடவில்லை.

அப்பா யாரிடமும் பேசுவதில்லை. அவனை நடக்கக் கூட்டிப்போகும் அதே ஐந்து மணிக்கு எழுந்து, கேட் வரை போய் நின்றுவிட்டு உள்ளே வருகிறார். பதினாறாம் நாள் தெரு நாய்களுக்குத் தயிர்சாதம் வைக்கலாமா என்று கேட்டார். "நாய்க்குப் பதினாறாம் நாளா? ஊர் சிரிக்கும்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். நான்கு வருடம் முன்பு அம்மா போனபோதுகூட நான் இப்படி அழவில்லை என்றும் சொன்னார். அது உண்மைதான். அதுவே எனக்குப் பெரிய உறுத்தல்.

எனக்கு அவன் பிள்ளை மாதிரி. என் துக்கம் அளவு மீறியதா? நான் செய்தது கொலையா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கண்களைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

தூங்க வைக்கும் அந்த ஊசியில் இருப்பது மயக்க மருந்து. அறுவை சிகிச்சையில் அளந்து கொடுப்பதை இங்கே மிக அதிக அளவில் இரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். சில விநாடிகளில் நினைவு போய்விடுகிறது. மூச்சும் இதயத்துடிப்பும் நிற்பது அதற்குப் பின்னர்தான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இமையை மூடுவதற்கும் ஒரு தசை வேலை செய்தாக வேண்டும். அந்த நிலையில் அது வேலை செய்வதில்லை, ஆகவே கண் திறந்தபடியே நின்றுவிடுகிறது. பெரும்பாலான நாய்களுக்கு அப்படித்தான். பின்னால் வந்த அந்த இரண்டு மூச்சும் உடல் தானாகச் செய்வது, அதில் வலி இல்லை. இதை உங்கள் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம் போதும். சொல்லாமல் விட்டதற்கு நீங்கள் ஒரு வாரத் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். ஊசி ஏறும்வரை செவலை உங்களைப் பார்த்தது உண்மை. அதன்பிறகு பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் மட்டும்தான்.

அடுத்தது தண்ணீர். சிறுநீரகம் ஓசைப்படாமல் கெடும் உறுப்பு. ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் வழக்கமான அளவைத் தாண்டும். அதிகம் தண்ணீர் குடிப்பதே முதல் அடையாளம் என்றாலும், அது தெரியும்போதே பெரும்பகுதி போயிருக்கும். தை மாதத்திலேயே ஓடியிருந்தால் சிறப்பு உணவும் மருந்துமாகச் சில மாதங்கள் கூடக் கிடைத்திருக்கலாம். கெட்டது திரும்பியிருக்காது. பதின்மூன்று வயது நாய் மாசி வெயிலில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நோய் என்று நினைக்கிற வீடு எங்கே இருக்கிறது?

கொலையா என்று கேட்கிறீர்கள். அந்த நோயின் கடைசி நாட்கள் எப்படி இருக்கும் தெரியுமா? வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தங்கும். ஓயாத குமட்டல், வாயெல்லாம் புண், சில நாய்களுக்கு வலிப்பு. நீங்கள் செவலையிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த நாட்களை. "இன்னும் ஒரு தீபாவளி பார்த்திருக்குமே" என்பது நம்முடைய கணக்கு. தீபாவளி என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிராணிக்கு அந்தக் கணக்கு இருக்க வாய்ப்பில்லை.

இனி உங்கள் பெரியப்பா. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நாயைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய தலைமுறை அவருடையது. ஆனால் "ஊர் சிரிக்கும்" என்று மரபின் பெயரால் சொல்கிறார் அல்லவா, அங்கேதான் அவருக்கு மரபு தெரியவில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அந்தக் கல்லிலேயே அவனுடைய நாயும் நிற்கிறது. பெயரில்லாத நாய் அல்ல. கோவிவன் என்று பெயர் வெட்டி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊரில் பிறந்து செத்த எத்தனை மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியும்?

இதைவிட எனக்குப் பிடித்தது கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் ஆதகூரில் கிடைத்த கல். 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் நடந்த போரில் சோழ இளவரசர் இராஜாதித்தர் யானைமேல் இருந்தபடியே இறந்தார். ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலரதன். அவன் காட்டிய வீரத்தில் மகிழ்ந்து, வேண்டியதைக் கேள் என்கிறார்கள். சோழனை வென்ற நேரம், எதைக் கேட்டாலும் கிடைத்திருக்கும். அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் ஒன்றையொன்று கொன்று சாய்ந்தன. நாய்க்காகக் கோயில் முன்னால் கல் நட்டார்கள். அதன் மேற்பகுதியில் நாயும் பன்றியும் மோதும் காட்சி இருக்கிறது. கல்லுக்கென்று நிலம் விட்டார்கள். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் பாவம் என்றும் எழுதினார்கள். ஒரு பதினாறாம் நாளோடு முடியவில்லை, அன்றாடப் பூசை. கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரியப்பா அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

ஓரிடத்தில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "பிள்ளை மாதிரி" என்கிறீர்கள். நாய்க்காக அழுதால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்ற பயத்தில் அதற்கு நீங்கள் ஒரு பதவி உயர்வு கொடுக்கிறீர்கள். கொடுத்த உடனே பெரியப்பாவின் கை ஓங்கிவிடுகிறது. "பிள்ளையா அது? நாய்தானே" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். காளியின் கல்லில் யாரும் காளியை மகளாக்கவில்லை. நாயாக இருந்தது, நாயாகப் போரிட்டது, நாயாகவே நிலம் பெற்றது. பிள்ளை வளர்ந்து வேறு ஊருக்குப் போகும், நம்மோடு வழக்காடும், நம்மைத் திருத்தும். செவலை பதின்மூன்று வருடமும் உங்கள் வாசலைத் தாண்டி வேறொரு வாழ்க்கையை விரும்பியதில்லை. எந்த மனித உறவும் அப்படி இருக்காது, இருக்கவும் கூடாது. உங்களிடமிருந்து போயிருப்பது அது. பிள்ளையை ஒப்பிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அம்மாவைப் பற்றிய உறுத்தலுக்கும் இதே பதில்தான். அம்மா போனபோது வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். யாரோ காபி போட்டுக் கையில் கொடுத்திருப்பார்கள். பால் தெளிப்பு, காரியம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருந்திருக்கும். வந்தவர்கள் எல்லாம் அம்மாவைப் பற்றிப் பேசியிருப்பார்கள், நீங்களும் பேசியிருப்பீர்கள். அலுவலகம் விடுப்பு கொடுத்திருக்கும். செவலைக்கு எது இருந்தது? மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போயிருப்பீர்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லியிருக்கக்கூட மாட்டீர்கள். பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் ஒருவராகவே அழுவதால் கூடுதலாகத் தெரிகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லிப் பெரியப்பா கேட்டால் தராசை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அம்மா கையால் சோறு தின்ற நாய் அது. அழுததில் அம்மாவுக்குரியதும் கொஞ்சம் இருந்திருக்கும்.

எனக்குக் கவலை உங்களைப் பற்றி அல்ல, அப்பாவைப் பற்றி. நீங்கள் கடிதம் எழுதிவிட்டீர்கள். அவருக்கு அந்த வழியும் இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருடைய காலைகளை அமைத்துக் கொடுத்தது அந்த நாய்தான். எத்தனை மணிக்கு எழுவது, எந்தத் தெருவில் திரும்புவது, எந்த டீக்கடை வாசலில் நின்று யாரிடம் இரண்டு வார்த்தை பேசுவது எல்லாமே அதன் கையில் இருந்தது. கழுத்துப்பட்டை இல்லாமல் அந்தத் தெருவில் இறங்கினால் "எங்கே சார் செவலை?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கேட்டோடு திரும்புகிறார் என்று நினைக்கிறேன். நாளைக்கு ஐந்து மணிக்கு நீங்களும் எழுந்து அவரோடு போங்கள். கேட்கிறவர்களுக்கு முதல் சில நாள் நீங்கள் பதில் சொல்லுங்கள். எல்லோரிடமும் ஒரு சுற்று சொல்லி முடித்துவிட்டால் தெரு மறுபடி அவருக்குத் திறந்துவிடும். ஆறுதலாக இருக்கும் என்று யாராவது இப்போதே ஒரு குட்டியைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். அவர் தானாகக் கேட்கட்டும். கேட்காமலே இருந்தாலும் சரி.

மீந்த டிரிப்ஸ் பாட்டில்களும் மாத்திரைகளும் இருந்தால், பிரிக்காதவற்றை மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருந்து வாங்க வழியில்லாமல் நாயைத் தூக்கிக்கொண்டு அங்கே வருபவர்கள் உண்டு.

பதினாறாம் நாளை அவசியம் செய்யுங்கள். ஐயர் வேண்டாம், பத்திரிகை வேண்டாம். தயிரைப் புளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பைக் குறையுங்கள், வெங்காயம் சேர்க்காதீர்கள், அது நாய்களுக்கு ஆகாது. சோறு போதாமல் போனால் தெருவில் சண்டை வரும், கொஞ்சம் தாராளமாகவே வடியுங்கள். பெரியப்பாவிடம் சொல்லாமல் செய்ய வேண்டாம், முறைப்படி கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்பார், வந்துவிடுவார். வந்தால் அவருக்குத் தயிர்சாதம் மட்டும் போட்டு அனுப்பிவிடாதீர்கள், வடையும் பாயசமும் வையுங்கள்.

அன்புடன்