முப்பதுக்கு மேல எம்பிபிஎஸ்: நம்ம ஏரியா ஆளுங்க கேட்ட கேள்விகள்

வண்ணாரப்பேட்டைல லேப் டெக்னீஷியனா இருந்துட்டு, முப்பது தாண்டி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில சேர்ந்து படிச்சவ நான். இப்போ டூட்டி டாக்டர். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இது.

எண்ணூர் தம்பி: அக்கா, எனக்கு 33. பயாலஜி குரூப்தான், ஆனா ப்ளஸ் டூ முடிச்சு வருஷம் ஆச்சு. நீட் எழுத விடுவாங்களா?

விடுவாங்க தம்பி. முன்ன பொதுப்பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுல வர்றவங்களுக்கு 30னு வரம்பு வெச்சிருந்தாங்க. கோர்ட்டு, கேஸுன்னு இழுத்து, 2022ல அதை எடுத்துட்டாங்க. இப்போ சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 ஆகியிருந்தா போதும். ஒடிசாவுல ஜெய் கிஷோர் பிரதான்னு ஒரு ரிட்டையர்டு பேங்க் ஊழியர் 2020ல, 64 வயசுல, அரசு கல்லூரியிலயே சேர்ந்தாரு. உன் பழைய ப்ளஸ் டூ மார்க் செல்லும். நீட் மார்க் மட்டும் அந்தந்த வருஷத்தோட சரி.

பெரம்பூர்: நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் மேடம். பயாலஜியே படிக்கல.

2023 கடைசியில இருந்து, ப்ளஸ் டூ முடிச்ச பிறகு பயாலஜியைத் தனிப் பாடமா எழுதி பாஸ் பண்ணாலும் ஏத்துக்கறாங்க. ஆனா நீட்ல 720க்கு 360 மார்க் பயாலஜிதான். தெரியாத பாடத்துல பாதி பரீட்சை இருக்குன்னு கணக்கு போட்டுட்டு இறங்குங்க.

வியாசர்பாடி: எனக்கு 36, ரெண்டு பசங்க. வேலைக்குப் போய்க்கிட்டே படிக்க முடியுமா டாக்டர்?

முடியாதும்மா. ஆசை காட்ட விரும்பல. நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லாட்டி பரீட்சையே எழுத முடியாது. ஃபர்ஸ்ட் இயரை நாலு தடவைக்குள்ள, மொத்தப் படிப்பை ஒன்பது வருஷத்துக்குள்ள முடிச்சாகணும்.

எல்லாரும் வயசைப் பத்தியே கேக்கறீங்க. அரசு சீட்டு கிடைச்சா ஃபீஸ் கூட சமாளிச்சிடலாம். உண்மையான கேள்வி, அஞ்சரை வருஷம் வீட்டு வாடகையை யார் கட்டுவாங்க, சின்னவனுக்கு ஜுரம்னா யார் லீவு போடுவாங்க என்கிறதுதான். எங்களுக்குப் பிரசவ போஸ்டிங் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரியில. ராத்திரி முழுக்க, பிரசவம் எப்படிப் போகுதுன்னு குறிக்கிற பார்ட்டோகிராஃப் சார்ட்ல அரை மணிக்கு ஒருதரம் குழந்தையோட இதயத்துடிப்பைக் குறிச்சு, நாலு மணிக்கு ஒருதரம் கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்குன்னு பெரிய டாக்டர் பாக்கறதை எழுதி, காலைல வெளிய வந்தா வீட்டுல டிபன் கட்டணும். மாமியாரோ அம்மாவோ அண்ணியோ, பேர் சொல்லி ஒருத்தர் "நான் பாத்துக்கறேன்"னு சொல்லட்டும். அதுக்கப்புறம் அப்ளிகேஷன் போடுங்க. "பாத்துக்கலாம்"னு பொதுவா சொல்றது கணக்குல வராது.

வீட்டுல படிக்க இடமில்லேன்னா, கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம் இருக்கு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க நிறைய பேர் அங்க உக்காந்திருப்பாங்க.

காசிமேடு: இந்த வயசுல மனப்பாடம் ஆகுமாக்கா?

கஷ்டம்தான். பக்கத்து சீட்டு பொண்ணு ஒரு தடவை படிச்சா நிக்கிற பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போற நரம்புப் பின்னல்), எனக்கு தினமும் வரைஞ்சாதான் நின்னுது. ஆனா வார்டுல நோயாளிகிட்ட பேசறது நமக்குக் கை வந்த கலை. எங்க வலிக்குதுன்னு கேட்டு பதில் வாங்கத் தெரியாம இருபது வயசு பசங்க முழிப்பாங்க.

தண்டையார்பேட்டை: பிலிப்பைன்ஸ்ல சீட்டு வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு, மேடம்.

அதுக்கும் நீட் தகுதி வேணும் சார். 54 மாசம் ஆங்கிலவழிப் படிப்பு, அதே இடத்துல 12 மாசம் பயிற்சி, திரும்பி வந்து, வெளிநாட்டுல படிச்சவங்க எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ பரீட்சையில 300க்கு 150, அப்புறம் இங்க ஒரு வருஷம் பயிற்சி. அங்க மருத்துவப் படிப்புக்கு முன்னாடி படிக்கற பிஎஸ் டிகிரி இந்த 54 மாசத்துல சேராது. ஏஜென்ட் கொடுக்கற நோட்டீஸ்ல அதைத் தேடிப் பாருங்க, இருக்காது.

எம்.கே.பி. நகர்: நீட்டைத் தமிழ்ல எழுதலாமா?

தாராளமா. கூடவே ஆங்கிலக் கேள்வியும் இருக்கும், மொழிபெயர்ப்புல குழப்பம்னா அதுதான் செல்லும். உள்ள போனதும் பாடமெல்லாம் ஆங்கிலத்துலதான், அதனால இப்பவே ரெண்டையும் சேர்த்துப் படிங்க.